டிஃபரன்ஷியலில் வெள்ளம் புகுந்த இன்னோவா: மூன்று முறை ஆயில் மாற்றியதன் பதிவு

டிஃபரன்ஷியலில் (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) மூன்றாவது முறையாக ஊற்றிய ஆயிலில் 400 கி.மீ. ஓட்டியபின், மேல் துளை வழியாக சிரிஞ்சில் 20 மி.லி. உறிஞ்சிப் பார்த்தோம். தேன் நிறம், பாட்டிலின் அடி தெரியும் தெளிவு. சூடான இரும்புக் கல்லில் ஒரு சொட்டு விட்டால் பொரியவில்லை. தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டது என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது. அதுவரை நடந்ததை, தவறுகளையும் சேர்த்து, வரிசையாக எழுதியிருக்கிறது.

வண்டி 2013 மாடல் டொயோட்டா இன்னோவா, 2.5 டீசல், 1,86,000 கி.மீ. ஓடியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரித் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றது. டயர் 205/65 ஆர்15. அதன்படி பின் ஆக்சிலின் நடு மையம் தரையிலிருந்து சுமார் 32 செ.மீ. உயரத்தில் இருக்கும். முழங்கால் தண்ணீர் என்றால் 45 செ.மீ. அப்படியானால் டிஃபரன்ஷியலின் உறையான ஹவுசிங்கோடு, ஆக்சில் குழாயின் மேல் இருக்கும் பிரீதரும் (உள்ளே சூடேறும் காற்றை வெளியே விடும் சிறு தொப்பி) மூழ்கியிருக்கிறது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை, சீட்டு நனையவில்லை என்பதற்காக இதை விட்டுவிடக் கூடாது.

தண்ணீர் எப்படிப் போகிறது என்பதை ஒரு வரியில் சொல்லலாம். ஓடிச் சூடேறிய ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, பிரீதரோ ஆயில் சீலின் உதடோ எது இடம் கொடுக்கிறதோ அது வழியாக வெளியே இருப்பதை உறிஞ்சுகிறது. ஆயில் சீல்கள் உள்ளிருக்கும் ஆயில் வெளியே போகாமல் தடுப்பதற்காகச் செய்தவை. எதிர்ப்பக்கமாக இழுக்கும் உறிஞ்சலை அவை அவ்வளவாகத் தாங்காது.

இந்த வேலை பின்னால் தனியாக டிஃபரன்ஷியல் உருண்டை தொங்கும் வண்டிகளுக்குத்தான்: இன்னோவா (முன்சக்கர ஹைகிராஸ் தவிர), பொலிரோ, ஸ்கார்பியோ, சைலோ, டவேரா, சுமோ, ஆம்னி, ஈக்கோ, பழைய அம்பாசடர். ஸ்விஃப்ட், ஐ20 போன்ற முன்சக்கர வண்டிகளில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றினால் இரண்டுக்கும் சேர்த்து மாற்றியதாகிவிடும்.

எந்த ஆயில்

முதல் தவறு ஸ்பேர்ஸ் கடையிலேயே நடந்தது. கடையில் "தொண்ணூறு ஆயில்" என்று கேட்டு வாங்கிய கேனின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. வீட்டில் ஒரு கேனைத் திறந்தபிறகு பார்த்தால் ஏபிஐ ஜிஎல்-4 தரம். இந்த வண்டிக்கு வேண்டியது ஜிஎல்-5. தொண்ணூறு என்பது ஆயிலின் தடிமனை மட்டும்தான் சொல்லும். அழுத்தத்தை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஜிஎல் எண். கேனின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சடித்திருக்கும் ஈபி, ஹெச்பி, சூப்பர் எல்லாம் கம்பெனி வைத்த பெயர்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் ஏபிஐ ஜிஎல்-5 என்ற வரியைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

இந்த டிஃபரன்ஷியல் ஹைபாய்டு வகை. பினியனின் (விசையைக் கொண்டுவரும் சிறு கியர்) மையம் கிரவுன் வீலின் (அது சுழற்றும் பெரிய வளையக் கியர்) மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுத் தாழ்ந்திருக்கும். அதனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளும்போதே வழுக்கவும் செய்கின்றன. அந்த வழுக்கலில் ஆயில் படலம் கிழியும் இடங்களில் பல்லைக் காப்பது கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம். ஜிஎல்-5இல் அது ஜிஎல்-4ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். கேனைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அழுகிய முட்டை வாசனை அதிலிருந்துதான் வருகிறது. ஜிஎல்-4ஐ ஹைபாய்டில் ஊற்றினால் அன்றே உடையாது. ஏற்றத்திலும் ஆள் நிறைந்த பாரத்திலும் மாதக்கணக்கில் பல் தேய்ந்து, ஊளைச் சத்தமாக வெளியே தெரியும்போது கிரவுன் பினியன் செட்டையே மாற்றும் நிலை வந்திருக்கும். கியர்பாக்ஸில் கியர் மாற உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை இந்தச் சேர்மானம் கெடுக்கலாம் என்பதால் அங்கே கணக்கு வேறு. இரண்டுக்கும் ஒரே கேன் என்று கையேட்டைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது தடிமன். டொயோட்டா இந்த வகை பின் ஆக்சிலுக்குக் கேட்பது, மைனஸ் 18 டிகிரிக்கு மேல் எஸ்ஏஇ 90 ஹைபாய்டு ஆயில். 80டபிள்யூ-90இல் இருக்கும் 80டபிள்யூ, மைனஸ் 26 டிகிரி வரை ஆயில் கல்லாக இறுகாது என்பதற்கான எண். ஊட்டியில் உறைபனி விழும் காலையில்கூட அதன் எல்லைக்குப் பக்கத்தில் போக மாட்டோம். ஆகவே 75டபிள்யூ-90 சிந்தெடிக்குக்கு அதிக விலை கொடுக்க, குளிரை மட்டும் காரணமாகக் காட்டினால் அது நம் ஊருக்குப் பொருந்தாது. இந்த வண்டிக்கு மினரல் 80டபிள்யூ-90 போதும் என்பது எங்கள் முடிவு.

"சத்தம் வந்தால் 140 ஊற்று" என்ற ஆலோசனையும் கிடைத்தது. 100 டிகிரி சூட்டில் 90 ஆயிலின் தடிமன் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை, 140க்கு 24 முதல் 32.5 வரை. தடித்த ஆயில் சத்தத்தை அமுக்கும், தேய்மானத்தைச் சரிசெய்யாது. பினியனின் முன் பேரிங்குக்கு ஆயில் போவது கிரவுன் வீல் சுழன்று வாரி எறிவதால்தான். தடித்த ஆயில் காலைக் குளிரில் அங்கே தாமதமாகப் போய்ச் சேரும். 140ஐ வாங்கவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கியர் ஆயில் 90 என்பது எஞ்சின் ஆயில் 40ஐவிட இரு மடங்கு தடிமன் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். 100 டிகிரியில் 90 கியர் ஆயில், எஞ்சின் ஆயிலில் 40-50 கிரேடு இருக்கும் இடத்தில்தான் நிற்கிறது. அதற்காக எஞ்சின் ஆயிலை டிஃபரன்ஷியலில் ஊற்றலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் ஹைபாய்டு பல்லைக் காக்கும் அளவுக்குச் சேர்மானம் இல்லை.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) தானாகப் பூட்டும் வகையும் இருக்கும் வண்டிகளுக்குக் கையேட்டில் தனியாகக் குறித்த ஆயில்தான். இந்த வண்டியில் சாதாரண வகை. இரு பின்சக்கரங்களையும் தூக்கி, நியூட்ரலில் ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் தடையில்லாமல் சுற்றியது.

முதலில் மேல் பிளக்

ஆயில் வடிக்கும் பிளக் ஹவுசிங்கின் அடியில், ஊற்றும் பிளக் பின்முகத்தில். ஊற்றும் பிளக் கழலுகிறது என்று உறுதியானபிறகே அடிப்பிளக்கைத் தொட வேண்டும். மேலே திறக்க முடியாமல் ஆயிலை வடித்துவிட்டால் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்ட முடியாது.

இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தது இங்கே காப்பாற்றியது. மேல் பிளக் அசையவே இல்லை. 24 மி.மீ. ரிங் ஸ்பேனரில் காலால் உதைத்ததில் ஸ்பேனர் நழுவி, பிளக்கின் மூலைகளில் இரண்டு மழுங்கின. அந்த ரிங் ஸ்பேனர் 12 முனை. இப்படி இறுகிய பிளக்குக்கு 6 முனை பாக்ஸ் ஸ்பேனர்தான் சரி, அது மூலையைப் பிடிக்காமல் பக்கவாட்டு முகத்தைப் பிடிக்கும். 24 மி.மீ. 6 முனை பாக்ஸ் ஒன்றை 320 ரூபாய்க்கு வாங்கினோம். பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, இரவு முழுக்க விட்டு, காலையில் பிளக்கின் தலையில் பித்தளைச் சுத்தியலால் ஏழெட்டு அடி. பிறகு அரை அங்குல டி ராடில் இரண்டடி பைப் செருகி மெதுவாகப் பாரம் கொடுத்தோம். ஒரு "டக்". கழன்றது. மழுங்கிய பிளக்கைத் திரும்பப் போடாமல் 210 ரூபாய்க்குப் புதியது.

கழன்றதும் துளைக்குள் எண்டோஸ்கோப் (மெல்லிய கம்பி நுனியில் கேமரா) விட்டோம். போனில் செருகும் வகை, 750 ரூபாய். கிரவுன் வீல் பற்களில் ஆயிலுக்கு மேலே நின்ற பகுதியில் மட்டும் பழுப்புப் பூச்சு. பல்லின் முகம் குழிவிழவில்லை. துரு தோலோடு நின்றிருந்தது. இன்னும் சில வாரம் நிறுத்தி வைத்திருந்தால் பேரிங் உருளைகளில் குழி விழுந்திருக்கும், அங்கே ஆயில் மாற்றி எதுவும் மீளாது.

முதல் வடிப்பு

வழக்கமாக ஆயில் மாற்றும்போது 10-15 கி.மீ. ஓட்டிச் சூடாக்கி வடிப்பது நல்லது. தண்ணீர் புகுந்த வண்டிக்கு நேர்மாறு. ஓட்டினால் தண்ணீரும் ஆயிலும் கடைந்த மோர் போலக் கலந்துவிடும், கலங்கிய அந்த ஆயில்தான் பல்லுக்கும் போகும். ஓட்டாமல், ஓர் இரவாவது அசையாமல் நிற்கவைத்து, குளிர்ந்த நிலையிலேயே அடிப்பிளக்கைத் திறக்க வேண்டும். அடியில் தங்கிய தண்ணீர் முதலில் தனியாக வரும்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஆக்சில் குழாயின் அடியில் இரண்டு ஸ்டாண்டு. ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கம் தூக்கிய பிறகு அது வண்டியை நிறுத்தாது. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்தே ஆக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடக் கூடாது.

பிளக்கைக் கால் சுற்று தளர்த்தியதும் சாம்பல் நிறத் தண்ணீர் நூலாக ஒழுகியது. அது நின்றபின் வந்தது பால் கலந்த காபி. வடிந்தது 2.4 லிட்டர். ஆக்சில் குழாய்களில் தேங்கியதை எடுக்க, வலது பக்கத்தை இரண்டு விரல் அளவு கூடுதலாகத் தூக்கி, பிறகு இடதுக்கும் அதேபோல். இன்னும் 90 மி.லி. வந்தது. சிறிய அளவுதான், ஆனாலும் அதில் பாதிக்குமேல் தண்ணீர். எல்லாவற்றையும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி இரண்டு நாள் வைத்ததில், முதலில் வந்ததையும் சேர்த்து, தனியாகப் பிரிந்த தண்ணீர் சுமார் 300 மி.லி.

வடிகிற ஆயிலின் பாதையில் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பாலித்தீன் உறையில் சுற்றி வைத்திருந்தோம். உறையைக் கழற்றினால் ஒட்டியது அப்படியே வந்துவிடும். மை போன்ற சாம்பல் பசை இருந்தது, விரலில் தேய்த்தால் உறுத்தவில்லை. இத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு இது இயல்பு. விரலில் குத்தும் சிலும்பு, பளபளக்கும் செதில், பல்லின் துண்டு இவற்றில் எது வந்தாலும் ஆயில் வாங்குவதை நிறுத்திவிட்டு ஹவுசிங்கைத் திறக்க வேண்டும்.

டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி அலசும் வழக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. நாங்கள் செய்யவில்லை. எவ்வளவு வடித்தாலும் உள்ளே தங்கும் பங்கு புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும், பேரிங்குகளில் ஒட்டியிருக்கும் ஆயில் படலத்தையும் கழுவிவிடும். அலசுவதற்கும் ஆயில்தான், அதுவும் ஜிஎல்-5தான். விலை குறைந்த 5 லிட்டர் மினரல் கேன் ஒன்று 1,650 ரூபாய்க்கு வாங்கினோம்.

ஊற்றியதில் நடந்த தவறு

ஹவுசிங்குக்கும் தரைக்கும் நடுவே கேனைச் சாய்க்க இடமே இல்லை. புனலும் டியூபும் வேண்டும். முதலில் கையில் கிடைத்த மீன்தொட்டி டியூபை, உள்விட்டம் 6 மி.மீ. இருக்கும், செருகிப் பார்த்தோம். ஒரு லிட்டர் இறங்கப் பன்னிரண்டு நிமிடம். அடுத்து, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி லெவல் டியூப், உள்விட்டம் 10 மி.மீ., ஒன்றரை மீட்டர். பின்சக்கர வளைவு வழியாக மேலே எடுத்துப் புனலைக் கட்டினால் ஒரு லிட்டர் இரண்டு நிமிடத்துக்குள் இறங்கியது. டியூபில் ஓடும் ஆயிலின் நிறமும் குமிழியும் கண்ணுக்குத் தெரிவது கூடுதல் வசதி. கேனை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்திருந்தால் இன்னும் வேகமாக இறங்கும்.

பெரிய தவறு இதற்குப் பிறகு. டொயோட்டா சொல்லும் சரியான மட்டம், ஊற்றும் துளையின் கீழ்விளிம்பிலிருந்து 0 முதல் 5 மி.மீ. வரை கீழே. அந்த அளவு வண்டி சமதரையில் நிற்கும்போது மட்டும் செல்லும். பின்பக்கம் ஸ்டாண்டில், முன்பக்கம் தரையில் என்ற நிலையிலேயே துளை வழியாக வழியும்வரை ஊற்றிவிட்டோம். சக்கர இடைவெளி 2,750 மி.மீ. பின்பக்கத்தை 25 செ.மீ. தூக்கினால் சாய்வு சுமார் ஐந்து டிகிரி. துளை ஹவுசிங்கின் பின்முகத்தில் இருப்பதால் அந்தச் சாய்வில் அது ஒரு செ.மீ.க்கு மேல் உயர்ந்துவிடுகிறது, அந்த உயரம் முழுக்க ஆயில் கூடுதலாக ஏறுகிறது. ஏறியது 2.4 லிட்டர். இறக்கிச் சமதரையில் நிறுத்தி மேல் பிளக்கைத் திறந்ததும் 280 மி.லி. தானாக வழிந்தது.

அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் கிரவுன் வீல் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், சூடு ஏறும், அழுத்தம் கூடி ஆக்சில் சீல் வழியாகப் பிரேக் டிரம்முக்குள் ஆயில் போகும். பிரேக் ஷூ ஆயிலில் நனைந்தால் துடைத்துப் போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆகவே லிட்டர் கணக்கை வைத்து ஊற்றுவதும் சரியல்ல. இந்த வண்டியில் சமதரையில் ஏறியது 2.1 லிட்டர். இன்னொரு வண்டியில் ஆக்சில் வகை மாறினால் அளவும் மாறும். துளைக்குள் சுண்டுவிரலை வளைத்து விட்டால் ஆயில் விரலில் தொட வேண்டும், அதுதான் அளவு.

அன்று செய்த இன்னொரு சிக்கனம், பிளக்குகளின் பழைய வாஷர்களையே மறுபடி போட்டது. ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி அதே மாதிரி நசுங்கி அடைக்காது. மறுநாள் காலை அடிப்பிளக்கில் ஒரு சொட்டு தொங்க, தரையில் ஐந்து ரூபாய் நாணய அளவு கறை. இன்னும் இறுக்கினால் நிற்கும் என்று இறுக்கிக்கொண்டே போனால் ஹவுசிங்கின் மரை போய்விடும். பிளக்குக்கான இறுக்கம் 49 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் இல்லாவிட்டால், 30 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 16-17 கிலோ பாரம் கொடுப்பது அதற்குச் சமம். ஒரு கையால் திடமாக இழுத்தால் போதும். புது வாஷர் ஒன்று 45 ரூபாய், ஆறு வாங்கினோம்.

இரண்டாவது வடிப்பு, பிரீதர்

30 கி.மீ. ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்தோம். இந்த முறை வாட்டர் சர்வீஸ் கடையின் ராம்ப், 150 ரூபாய் வாடகை. நான்கு சக்கரமும் சமமாக நிற்பதால் மட்டம் பற்றிய சந்தேகமே இல்லை, நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம். முதல் நாளே இங்கே வந்திருக்க வேண்டும்.

வடிந்தது மங்கிய மஞ்சள், காபி நிறம் போய்விட்டது, ஆனாலும் பின்னால் பிடித்த விரல் தெரியவில்லை. இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு வடிப்பிலும் சுவரிலும் பேரிங்கிலும் குழாயிலும் சேர்த்து 150 மி.லி. உள்ளே தங்குவதாக வைத்துக்கொண்டால், 2.1 லிட்டரில் அது 7 சதவீதம். பழைய ஆயிலில் எட்டில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தது, அதில் 7 சதவீதம் என்றால் புது ஆயிலில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். ஆயிலைப் பாலாக்க அதுவே அதிகம். இரண்டாவது மாற்றத்தில் அது 0.06 சதவீதமாக இறங்கும். மூன்றாவதில்தான் உண்மையிலேயே போகும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு ஒரே ஒரு முறை மாற்றிவிட்டு முடிந்தது என்பது தவறு என்று சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

புது வாஷர்கள், 2.1 லிட்டர், 120 கி.மீ. இந்த ஓட்டத்தின் முடிவில் பினியன் சீலைச் சுற்றி ஆயில் வியர்த்திருந்தது. சீல் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். பினியன் சீல் மாற்றுவது இதைவிடப் பெரிய வேலை: கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, ஃபிளாஞ்ச் நட்டைத் திறந்து, மறுபடி இறுக்கும்போது பினியன் பேரிங்கின் பிரீலோடு (முன்கூட்டியே கொடுத்திருக்கும் இறுக்கம்) கெடாமல் பார்க்க வேண்டும். அதற்குமுன் பிரீதரைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது நல்லதாயிற்று. ஆக்சில் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும் சிறு தொப்பி, விரலால் திருகினால் சுழல வேண்டும். வெள்ளச் சேறு காய்ந்து சிமெண்டாக இறுகியிருந்தது. உள்ளே சூடேறிய காற்றுக்கு வெளியேற வழியில்லாமல், சீல் வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது.

இதுதான் முதல் நாள் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போக வழியாக இருந்திருக்கக்கூடிய அதே தொப்பி, வெள்ளம் வடிந்தபின் அடைத்துக்கொண்டு சீலைக் கெடுக்கப் பார்த்தது.

பழைய பிரீதரைக் கையோடு கொண்டுபோய் மரை ஒத்த புதியது ஒன்றும், அதே மரையில் டியூப் செருகும் முனை ஒன்றும் வாங்கினோம், இரண்டும் சேர்த்து 260 ரூபாய். இந்த வண்டி மறுபடியும் தண்ணீரில் நிற்கும் தெருவில்தான் நிற்கப்போகிறது என்பதால் டியூப் முனையையே போட்டோம். 8 மி.மீ. எரிபொருள் ஹோஸ், கிளிப்புகளோடு 180 ரூபாய். ஆக்சில் மேலும் கீழும் ஆடும் தூரத்துக்குத் தளர்வு விட்டு, சைலன்சருக்கும் சுருள் ஸ்பிரிங்குக்கும் எட்டாமல், டீசல் ஊற்றும் குழாயின் பக்கமாகப் பாடியில் உயரே கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்து, நுனியில் புதுப் பிரீதரின் தொப்பிக்குப் பதிலாக ஒரு சிறு இன்லைன் வடிகட்டி. ஹோஸை நடுவில் எங்கேயும் பள்ளமாகத் தொய்ந்து தொங்கவிடக் கூடாது. பள்ளத்தில் ஈரம் தேங்கி வழியை அடைக்கும்.

பினியன் சீலைத் துடைத்துவிட்டோம். பிரீதர் திறந்தபின் வியர்ப்பு நின்றது.

பின்பக்க டிரம் இரண்டையும் கழற்றிப் பார்த்தோம். ஆயில் ஈரம் இல்லை, சேறு மட்டும். அதைத் துடைத்து மூடியது அரைமணி வேலை. கியர்பாக்ஸ் ஆயிலிலும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தோம், தெளிவாக இருந்தது, தொடவில்லை. புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டுகளான யூ ஜாயின்ட்டுகளுக்குக் கிரீஸ் அடித்தபோது பழைய கிரீஸோடு தண்ணீரும் பிதுங்கியது. டிஃபரன்ஷியல் முங்கிய வண்டியில் இதை விடக் கூடாது.

மூன்றாவது வடிப்பும் கல் சோதனையும்

120 கி.மீ. ஓடிய ஆயில் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருந்தது. கண்ணை மட்டும் நம்பியிருந்தால் அதோடு நிறுத்தியிருப்போம். சமையலுக்குத் திரும்பப் போகாத ஒரு பழைய தோசைக்கல்லை வெட்டவெளியில் அடுப்பில் வைத்து, தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடும் சூட்டுக்குக் கொண்டுவந்து, சிரிஞ்சால் ஒரு சொட்டு ஆயில் விட்டோம். ஒன்றிரண்டு முறை பொரிந்து அடங்கியது. ஒப்பிடக் கேனிலிருந்து புது ஆயில் ஒரு சொட்டு: சத்தமே இல்லாமல் பரவிப் புகைந்தது. முதல் நாள் பாட்டிலில் எடுத்துவைத்த காபி ஆயில் வெடித்துத் தெறித்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, கையை நீட்டி, தள்ளி நின்று செய்ய வேண்டிய சோதனை. புகையை முகர வேண்டாம்.

அந்த ஒன்றிரண்டு பொரிவுகள் கணக்கில் வந்த 0.06 சதவீதத்தோடு ஒத்துப்போயின. மறுபடி ராம்ப், மறுபடி 150 ரூபாய். மறுபடி வடித்து, புது வாஷர்கள் போட்டு, நல்ல ஆயில் மூன்று லிட்டர், லிட்டர் 465 வீதம் 1,395 ரூபாய். ஏறியது 2.1. மிச்சம் 900 மி.லி. கேனை இறுக மூடி வைத்திருக்கிறது. எண்டோஸ்கோப்பில் பற்களின் பழுப்புப் பூச்சு முழுக்கத் தேய்ந்து போயிருந்தது, அடியில் உலோகம் பளிச்சென்று சீராக.

செலவு, எல்லாம் சேர்த்து 5,855 ரூபாய். மேலே சொன்னவற்றோடு ஆறு வாஷர் 270, டியூபும் புனலும் 140, திறந்துவிட்டதால் கடை திருப்பி எடுக்காத ஜிஎல்-4 ஒரு லிட்டர் 380, இரண்டு முறை ராம்ப் 300. தண்ணீர் புகாத வண்டிக்கு வழக்கமான மாற்றம் என்றால் மூன்று லிட்டர் ஆயிலும் இரண்டு வாஷரும், 1,485 ரூபாயில் முடிந்துவிடும், நேரம் ஒரு மணி.

மூன்று வடிப்பிலும் வந்த பழைய ஆயில் மொத்தம் ஏழு லிட்டருக்குப் பக்கம். அதே கேன்களில் நிரப்பி, கழிவு ஆயிலைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தோம். சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்ற வேண்டாம். வேளச்சேரியில் அது நேராக ஏரிக்கும் சதுப்புக்கும்தான் போகும்.

அடுத்த முறை வரிசை இப்படி இருக்கும்: தண்ணீர் இறங்கியதும் வண்டியை ஓட்டாமல் பிரீதரைத் திருகிப் பார்ப்பது, 6 முனை பாக்ஸால் மேல் பிளக், குளிர்ந்த நிலையில் ஒரு வடிப்பு, பிறகு ராம்ப். ஜிஎல்-5 என்ற எழுத்தைக் கடையிலேயே நின்று படிப்பது. ஸ்டாண்டில் வைத்து மட்டம் பார்ப்பதே இல்லை. வாஷர் முன்கூட்டியே கையில்.

மிச்சமிருந்த இரண்டு வாஷர்களில் ஒன்று 400 கி.மீ. சோதனைக்குப் போனது. இன்னொன்று 900 மி.லி. கேனின் மூடியில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. 2,000 கி.மீ.யில் மேல் பிளக்கைத் திறந்து மீண்டும் ஒரு சொட்டு கல்லில் விட வேண்டும். பொரியாவிட்டால் அடுத்த மாற்றம் 10,000 கி.மீ.யில், அப்போது காந்தத்தில் என்ன ஒட்டுகிறது என்பதைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம்.